மடலாடற்குழு நன்னடத்தை

மடலாடற்குழு நன்னடத்தை என்பது, ஒரு பொழுதுபோக்கையோ ஆர்வத்துறையையோ பற்றி மின்னஞ்சல் வழியாக உரையாடும் குழுக்களில், உறுப்பினர்கள் மடல் எழுதும்போதும் மறுமொழி இடும்போதும் கடைப்பிடிக்கும் வழக்கங்களின் தொகுப்பு ஆகும். பறவை நோக்கல், வானியல், அஞ்சல்தலை சேகரிப்பு, வீட்டுத்தோட்டம், மரபுக்கவிதை, பழைய வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்தல் எனப் பல துறைகளுக்கு இத்தகைய குழுக்கள் உள்ளன. இவ்வழக்கங்கள் சட்டங்கள் அல்ல. எனினும் இவற்றுள் பெரும்பாலானவை வெறும் மரியாதை பற்றியவையும் அல்ல. மின்னஞ்சல் இயங்கும் முறையிலிருந்தும், ஒருவர் எழுதுவதைப் பலர் வாசிக்க நேர்வதிலிருந்தும் தோன்றியவை. காரணம் தெரியாமல் விதியை மட்டும் மனனம் செய்வோர் அதை விரைவில் மறந்துவிடுவதால், இக்கட்டுரையில் விதிகள் அவற்றின் காரணங்களோடு விளக்கப்படுகின்றன.

தோற்றம்

கணினி வலையமைப்பின் ஊடாக முதல் மின்னஞ்சலை 1971 இல் ரே டாம்லின்சன் அனுப்பினார். நான்கு ஆண்டுகளின் பின்னர், 1975 யூன் மாதத்தில், அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்பில் 'மெசேஜ் குரூப்' என்ற மடலாடற்குழு தொடங்கியது. மின்னஞ்சல் எப்படி அமைய வேண்டும் என்பதே அதன் பேசுபொருள். தொடக்கத்தில் அதற்குத் தானியங்கி நிரல் எதுவும் இருக்கவில்லை. உறுப்பினர் பெயர்களைச் சேர்ப்பது முதலிய வேலைகள் கையாலேயே செய்யப்பட்டன. அறிபுனைக் கதைகளை விரும்புவோருக்கான 'எஸ்எஃப்-லவர்ஸ்' குழு 1970களின் இறுதியில் தோன்றியது. பொழுதுபோக்குக்கென அமைந்த மடலாடற்குழுக்களுள் இது மிகப் பழையவற்றில் ஒன்று. 1986 இல் எரிக் தாமசு எழுதிய 'லிஸ்ட்சர்வ்' நிரல், சேருதல், விலகுதல், மடல்களைப் பகிர்தல் ஆகிய பணிகளைத் தானியக்கமாக்கியது. அதன் பின்னர் குழுக்கள் பெருகின.

நன்னடத்தை விதிகள் தொகுக்கப்பட்டது சற்றுப் பிந்தியே. 1995 அக்டோபரில் இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த சாலி ஆம்பிரிட்ஜ் தொகுத்து வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 1855 என்ற ஆவணம் பரவலாக அறியப்பட்டது. புதிதாகச் சேர்ந்தவர் ஓரிரு மாதங்கள் வாசித்துவிட்டு எழுதத் தொடங்க வேண்டும், கோபம் வந்தால் ஒரு இரவு கழிந்த பின் பதில் அனுப்ப வேண்டும், அஞ்சல் அட்டையில் எழுதத் தயங்குவதை மின்னஞ்சலிலும் எழுதலாகாது என்பன அதன் அறிவுரைகளுட் சில. 100 வரிகளைத் தாண்டும் மடலை அது நீண்ட மடலாகக் கருதுகின்றது. ஓரிரு மாதம் காத்திருக்கச் சொல்வது இன்று மிகையாகத் தோன்றலாம். ஆனால் குழுவின் பழைய மடல்களில் ஐம்பதையாவது வாசித்த பின் எழுதுவது இன்றும் பொருத்தமான வழக்கமே.

ஒருவர் எழுத, பலர் வாசித்தல்

தனி மடலுக்கும் குழு மடலுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு எண்ணிக்கையில் உள்ளது. 500 உறுப்பினர்கள் கொண்ட ஒரு குழுவில், "நன்றி" என்ற ஒற்றைச் சொல் மடலைத் திறந்து பார்த்து நீக்க ஒவ்வொருவருக்கும் அரை நிமிடம் ஆகும் எனக் கொண்டால், அனைவருக்குமாகச் செலவாகும் நேரம் நான்கு மணிக்கும் மேல். எழுதியவருக்கு ஆன செலவு சில நொடிகளே. எழுதுபவர் தமக்கு மிச்சப்படுத்தும் உழைப்பு வாசிப்போர் தலையில் பன்மடங்காக விழுகின்றது. பொருள் வரியைத் திருத்தாமை, பழைய மடல் முழுவதையும் வெட்டாமல் விடுதல், பெரிய படத்தை இணைத்தல் என மடலாடற்குழுக்களில் குறை கூறப்படும் செயல்கள் பலவற்றுக்கும் வேர் இதுவே.

நன்றி சொல்லவே கூடாது என்பது இதன் பொருளன்று. உதவியவருக்குத் தனி மடலில் நன்றி கூறுவதும், கேள்வி கேட்டவர் தமக்குக் கிடைத்த பதில்களைத் தொகுத்து, எது பயன்பட்டது என்பதையும் சேர்த்து, குழுவுக்கு ஒரே மடலாக எழுதுவதும் நல்ல வழக்கங்களாகக் கருதப்படுகின்றன. தொகுப்பு மடல் எழுதும் வழக்கத்தை ஆர்.எஃப்.சி. 1855 உம் பரிந்துரைக்கின்றது. கேட்டவர் பலர், தொகுத்தவர் சிலர் என்பதே பெரும்பாலான குழுக்களின் அனுபவம்.

இதன் எதிர்முனையில் இருப்பது மறுமொழிப் புயல். 1997 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் உள்ளே, ஏறத்தாழ 13,000 பேரைக் கொண்ட ஒரு முகவரித் தொகுதியில் தம் பெயர் ஏன் உள்ளது எனக் கேட்டு ஒருவர் மடல் அனுப்பினார். "என்னையும் நீக்குங்கள்" எனப் பலர் எல்லோருக்கும் மறுமொழி இட்டனர். எல்லோருக்கும் மறுமொழி இடாதீர்கள் என்று அறிவுரை கூறியவர்களும் எல்லோருக்குமே அனுப்பினர். நிறுவனத்தின் மின்னஞ்சல் வழங்கிகள் திணறின. பொழுதுபோக்குக் குழுக்களில் இது சிறிய அளவில் அடிக்கடி நிகழ்கின்றது. குழுவிலிருந்து விலக விரும்புபவர் அதற்கென உள்ள முகவரிக்கோ தொடுப்புக்கோ செல்ல வேண்டும். பெரும்பாலான குழுக்களில் அத்தொடுப்பு ஒவ்வொரு மடலின் அடியிலும் தரப்பட்டிருக்கும்.

பொருள் வரியும் இழையும்

மடலின் பொருள் வரி, திறப்பதா வேண்டாமா என்பதை வாசகர் முடிவு செய்ய உதவுவது. "உதவி தேவை", "ஒரு ஐயம்" என்பன எதையும் தெரிவிப்பதில்லை. "செம்பருத்தி மொட்டு உதிர்கிறது: மாவுப்பூச்சியா?" என்ற வரி, விடை தெரிந்தவரை நிறுத்திப் படிக்கச் செய்யும், தெரியாதவரைக் கடந்து போகவிடும். இரண்டும் வேண்டியவையே.

பேச்சு வேறு திசையில் சென்றுவிட்டால் பொருள் வரியையும் மாற்றுவது முறை. தொலைநோக்கி ஆடியைத் துடைப்பது பற்றித் தொடங்கிய இழை, சில மடல்களில் அடுத்த சந்திர கிரகணத்துக்குப் போய்விடும். பழைய தலைப்பே தொடர்ந்தால், கிரகணத்தில் ஆர்வமுள்ளவர் அதைக் காண மாட்டார். மாற்றிய தலைப்பின் அருகே பழைய தலைப்பை "முன்னர்:" எனக் குறிப்பிடுவதும் உண்டு.

இதற்கு எதிரான பிழை அதிகம் அறியப்படாதது. புதிய பொருள் பற்றி எழுத விரும்புபவர், குழு முகவரியைத் தட்டெழுதச் சோம்பி, ஏதேனும் ஒரு பழைய மடலுக்கு 'மறுமொழி' பொத்தானை அழுத்தி, பொருள் வரியையும் உள்ளடக்கத்தையும் அழித்துவிட்டு எழுதுவார். கண்ணுக்கு அது புதிய மடலாகத் தெரியும். ஆனால் எந்த மடலுக்கான மறுமொழி என்பதைக் குறிக்கும் அடையாள எண் மடலின் தலைப்பகுதியில் மறைந்திருக்கும். அவ்வெண்ணைக் கொண்டு இழைகளை அடுக்கும் மின்னஞ்சல் மென்பொருள், புதிய மடலைப் பழைய இழையின் உள்ளே செருகிவிடும். அந்த இழையை ஏற்கனவே மூடிவிட்டவர்களுக்கு அம்மடல் தென்படாமலே போகலாம். "என் கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லை" என்ற மனக்குறைகளுட் சில இவ்வாறு உண்டானவை.

நாளின் மடல்கள் அனைத்தையும் ஒரே திரட்டு மடலாகப் பெறும் உறுப்பினர்கள் தனிக் கவனம் எடுக்க வேண்டும். திரட்டுக்கு மறுமொழி இட்டால், "திரட்டு எண் 214" என்பது போன்ற பொருள் வரியே செல்லும். அதனோடு அன்றைய மடல்கள் அனைத்தும் மீண்டும் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

மேற்கோள் காட்டுதல்

மறுமொழி எழுதுகையில் மூல மடலின் எப்பகுதிக்குப் பதில் சொல்லப்படுகின்றதோ அப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் கீழே பதிலை எழுதுவதே பழைய வழக்கம். மேற்கோள் வரிகளின் முன் ஒரு கோணக்குறி இடப்படும். நான்கு கேள்விகள் இருந்தால் ஒவ்வொன்றின் கீழும் அதற்குரிய பதில் அமையும். இது ஊடுமறுமொழி எனப்படலாம். அலுவலக மின்னஞ்சல் பரவிய பின்னர், பதிலை மேலே எழுதி மூல மடல் முழுவதையும் கீழே விட்டுவிடும் வழக்கம் மேலோங்கியது. எது சரி என்பது பற்றி நடந்த சண்டைகள், குழுக்களின் உண்மையான பேசுபொருளை விட நீண்டு போனதுண்டு.

இரு முறைகளுக்கும் இடமுண்டு. ஒரே கேள்விக்குச் சுருக்கமான ஒரே பதில் என்றால் மேலே எழுதுவதால் கேடில்லை. நுட்பமான விவாதங்களில் ஊடுமறுமொழியே தெளிவானது. எம்முறையிலும் வெட்ட வேண்டியதை வெட்டுவது முதன்மையானது. பல மின்னஞ்சல் சேவைகள் மேற்கோளைத் தாமாகவே சுருக்கி மறைத்துவிடுவதால், எழுதுபவருக்கு அதன் நீளம் தெரிவதில்லை. திரட்டு மடல் பெறுபவருக்கும், திரைவாசிப்பானின் துணையோடு காதால் வாசிக்கும் பார்வையற்ற உறுப்பினருக்கும் அது முழுமையாகத் தெரியும்.

வெட்டும்போது பொருள் மாறக்கூடாது. "இக்காளானை உண்ணலாம் எனச் சிலர் கூறுவர், அது தவறு" என்ற வரியின் முற்பகுதியை மட்டும் மேற்கோளாக வைத்தால், எழுதியவர் சொன்னதற்கு நேர்மாறான கருத்து அவர் பெயரிலேயே பரவும். யார் எழுதியது என்ற குறிப்பையும் மேற்கோளோடு விட்டுவைக்க வேண்டும்.

தனிமடலும் பொதுமடலும்

குழுக்கள் இரு வகையாக அமைக்கப்படுகின்றன. ஒன்றில், 'மறுமொழி' பொத்தானை அழுத்தினால் மடல் எழுதியவருக்கு மட்டும் பதில் செல்லும். மற்றதில் குழு முழுவதற்கும் செல்லும். இரண்டாவது முறை உரையாடலைப் பெருக்கும் என்பதால் பொழுதுபோக்குக் குழுக்கள் பலவும் அதையே தேர்ந்தெடுக்கின்றன. ஆனால் அதன் பிழைக்கான விலை பெரிது. முதல் வகைக் குழுவில் தவறு செய்தவர் அதே மடலை மீண்டும் ஒருமுறை அனுப்பினால் போதும். இரண்டாம் வகையில், நண்பருக்கு மட்டும் என எண்ணி எழுதிய உடல்நலச் செய்தியோ, மூன்றாம் உறுப்பினர் ஒருவர் பற்றிய கடுஞ்சொல்லோ எல்லோருடைய அஞ்சல் பெட்டிக்கும் போய்விடும். அதைத் திரும்பப் பெற வழியில்லை. சில மின்னஞ்சல் சேவைகளில் உள்ள 'அனுப்பியதை மீட்டல்' வசதி, உண்மையில் மடலைச் சில நொடிகள் பிடித்துவைத்துப் பின் அனுப்புவதே. மடல் புறப்பட்ட பின் அது உதவாது. எனவே அனுப்பும் முன் பெறுநர் வரியைப் பார்ப்பது முதல் பழக்கமாக வேண்டும்.

பெறுநர் வரி பற்றிய மற்றொரு எச்சரிக்கை, குழு மென்பொருள் இல்லாமல் கையால் முகவரிகளை இட்டு அனுப்புவோருக்கு உரியது. 'நகல்' பகுதியில் இட்ட முகவரிகள் எல்லோருக்கும் தெரியும். 'மறைநகல்' பகுதியில் இட்டவை தெரியா. 2015 இல் இலண்டனில் ஒரு பாலியல் நல மருத்துவ நிலையம், எச்.ஐ.வி. சேவை தொடர்பான செய்திமடலை ஏறத்தாழ 780 பேருக்கு அனுப்பியபோது முகவரிகளைத் தவறான பகுதியில் இட்டது. பெற்றவர்கள் ஒருவர் மற்றவரின் முகவரியைக் கண்டனர். பலரின் முகவரியிலேயே அவர்கள் பெயரும் இருந்தது. அடுத்த ஆண்டு அந்நிலையத்தின் நிர்வாகத்துக்கு 1,80,000 பவுண்டு தண்டம் விதிக்கப்பட்டது. அஞ்சல்தலைக் குழுவொன்றில் விளைவு இவ்வளவு கொடிதாக இராது. எனினும் விலையுயர்ந்த சேகரிப்பு யார் யாரிடம் உள்ளது என்ற பட்டியலும் வெளியார் கைக்குப் போகத் தகாததே.

விடுமுறைக்குச் செல்வோர் இயக்கிவிடும் தானியங்கி மறுமொழி இன்னொரு தொல்லை. ஒழுங்காக எழுதப்பட்ட நிரல்கள், குழு மடல்களை அவற்றின் தலைப்பகுதியில் உள்ள குறிகளால் அறிந்து பதில் அனுப்பாமல் விடும். 2004 இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 3834 இதற்கான பரிந்துரைகளைத் தருகின்றது. ஒழுங்கற்ற நிரல், தன் அறிவிப்பைக் குழுவுக்கே அனுப்பி, அது குழு மடலாகத் தனக்கே திரும்பி வர, அதற்கும் பதில் அனுப்பும். நெடுநாள் வெளியே செல்பவர் குழு மடல் வருவதைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பது நல்லது.

இணைப்புக் கோப்புகள்

மின்னஞ்சல் முதலில் வெறும் எழுத்துகளுக்காக அமைக்கப்பட்டது. படம் போன்ற கோப்புகள் எழுத்துகளாக மாற்றப்பட்டே அதில் பயணம் செய்கின்றன. பரவலான முறையில் ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்துகளாக மாறுவதால் கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். 3 மெகாபைட் ஒளிப்படம் 4 மெகாபைட்டாகச் செல்லும். 500 பேருக்கு அனுப்பினால் மொத்தம் 2 கிகாபைட். தொலைபேசி வழி இணைப்புக் காலத்தில் அந்த ஒரு படத்தை இறக்கப் பத்து நிமிடம் வரை ஆனது. இன்று வேகம் கூடியிருந்தாலும், அளவிட்ட தரவுத் திட்டத்தில் கைபேசி வழி வாசிப்போரும், அஞ்சல் பெட்டி நிரம்பியவர்களும் உள்ளனர். படத்தைச் சிறிதாக்கி அனுப்புவது, அல்லது வேறிடத்தில் ஏற்றித் தொடுப்பு மட்டும் தருவது வழக்கம்.

தொனி

எழுத்தில் முகபாவமும் குரலும் இல்லை. 1982 செப்டம்பரில் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில், மின்தூக்கி ஒன்றில் பாதரசம் சிந்திவிட்டதாகக் கணினி அறிவிப்புப் பலகையில் விளையாட்டாக எழுதப்பட்டதைச் சிலர் உண்மையென நம்பினர். அதன் தொடர்ச்சியாக எழுந்த உரையாடலில், நகைச்சுவையைக் குறிக்க முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி ஆகியவற்றாலான சிரிப்புக்குறியை இசுக்காட் ஃபால்மன் முன்மொழிந்தார். குறி பரவியது, குழப்பம் முற்றாகத் தீரவில்லை. நேரில் பழகியவரின் கிண்டல் நட்பாகத் தெரியும். முகம் அறியாதவரின் அதே சொற்கள் அவமதிப்பாகத் தெரியும். குழுவில் இரு வகையினரும் ஒரே மடலைத்தான் வாசிக்கின்றனர்.

புதியவர் கேட்கும் பழைய கேள்வி ஒவ்வொரு குழுவின் பொறுமையையும் சோதிப்பது. "சேமிப்பகத்தில் தேடுக" என்று மட்டும் எழுதுவது உண்மையான பதிலே, எனினும் அது கதவைச் சாத்துவது போன்றது. விடையுள்ள பழைய மடலின் தொடுப்பைச் சேர்த்துத் தருவதற்கு ஒரு நிமிடம்தான் கூடுதலாக ஆகும். பதில் சொல்ல மனமில்லாதவர் பேசாமல் இருந்தால் வேறொருவர் சொல்வார்.

தமிழ்க் குழுக்கள்

1990களின் நடுப்பகுதியில் பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட், இணையத் தமிழரின் தொடக்ககால மடலாடற்குழுக்களில் குறிப்பிடத்தக்கது. பழந்தமிழ் நூல்களை மின்வடிவாக்கும் மதுரைத் திட்டம், அங்கு கூடிய ஆர்வலர்களைக் கொண்டு 1998 பொங்கலன்று தொடங்கப்பட்டது. 2000களின் முற்பகுதியில் மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற இலக்கிய ஆர்வக் குழுக்கள் யாகூ குழுமங்களில் இயங்கின.

ஆங்கிலக் குழுக்களின் விதிகள் சில தமிழுக்கு நேராகப் பொருந்தவில்லை. முழுவதும் பெரிய எழுத்தில் எழுதுவது கத்துவதற்கு ஒப்பானது என்பது அங்கு முதற்பாடம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லை. ஆனால் தமிழை உரோம எழுத்தில் எழுதிய காலத்தில் ணகரம், ளகரம், றகரம் ஆகியவற்றைக் காட்டச் சொல்லின் நடுவே பெரிய எழுத்துகள் இடப்பட்டன. அங்கே பெரிய எழுத்து கத்தல் அன்று, எழுத்திலக்கணம். பின்னர் தமிழ் எழுத்துருக்கள் வந்தபோது வேறு சிக்கல் தோன்றியது. டிஸ்கி முதலான குறியேற்றங்களில் எழுதிய மடல், உரிய எழுத்துரு இல்லாதவர் திரையில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. எக்குறியேற்றத்தில் எழுதப்பட்டது என மடலிலேயே குறிப்பிடுவது அக்காலத்துக்குரிய மரியாதை. ஒருங்குறி பரவிய பின் அத்தேவை நீங்கியது.

விளிக்கும் முறையும் இங்கு எடையுடையது. வயதும் பாலும் தெரியாத ஒருவரை "ஐயா", "அண்ணா" என விளித்து, அவர் பெண் என அறிய நேர்ந்த அனுபவம் பலருக்கு உண்டு. பெயரோடு "அவர்கள்" சேர்ப்பதும், நெருங்கிய பழக்கம் ஏற்படும்வரை "நீங்கள்" என்பதும் பாதுகாப்பானவை.

பிழை திருத்துவதே தமிழ்க் குழுக்களில் அதிக மனத்தாங்கலுக்கு இடமளிப்பது. முதல் மடலை எழுதியவரின் ஒற்றுப்பிழைகளை எல்லோர் முன்னிலையிலும் பட்டியலிட்டால், பெரும்பாலும் அதுவே அவருடைய கடைசி மடலாகவும் ஆகிவிடும். எழுத்துப்பிழையைத் தனிமடலில் சுட்டுவது நன்று. தகவற்பிழையின் நிலை வேறு. ஒரு கல்வெட்டின் காலமோ ஒரு மூலிகையின் அளவோ தவறாக இருந்தால் அது குழுவிலேயே திருத்தப்பட வேண்டும். இல்லாவிடின் தவறான செய்தியே சேமிப்பகத்தில் நிலைக்கும். யாப்புப் பயிலும் குழுக்கள் இதற்கு விலக்கு. அங்கு வெண்பாவில் தளை தட்டும் இடத்தைப் பொதுவில் காட்டுவதற்காகவே எல்லோரும் கூடியிருக்கின்றனர்.

சொல்லாமல் விட வேண்டியவை

பறவை நோக்கர் குழுக்களில், அரிய பறவையின் கூடு உள்ள இடத்தைத் துல்லியமாக எழுதுவதில்லை. ஒளிப்படக்காரர்கள் திரண்டால் பறவை கூட்டைக் கைவிடக்கூடும். முட்டை, குஞ்சுகளைத் திருடுவோரும் குழுக்களை வாசிக்கலாம். இ-பேர்ட் பதிவுத் திட்டமும் இக்காரணத்தால் சில இனங்களின் இடவிவரத்தைப் பொதுவில் மறைக்கின்றது. காட்டு ஆர்க்கிட் மலர்கள், தொல்லியல் தடயங்கள் பற்றிய குழுக்களிலும் இதே வழக்கம் உண்டு. கைபேசியில் எடுத்த படத்தின் கோப்பினுள் எடுத்த இடத்தின் ஆள்கூறுகள் பதிவாகியிருக்கக்கூடும். எழுத்தில் இடத்தை மறைத்துவிட்டு, படத்தை அப்படியே இணைத்தால் மறைத்ததில் பயனில்லை.

சேமிப்பகமும் மறுபதிப்பும்

குழு மடல்கள் நாளடைவில் அத்துறையின் அறிவுத்தொகுப்பாகின்றன. அச்சில் வராத பழுதுபார்க்கும் முறைகளும், ஒரு ஊரின் இருபதாண்டுப் பறவைக் குறிப்புகளும் அங்கு மட்டுமே இருக்கலாம். யாகூ குழுமங்களின் பழைய மடல்களும் கோப்புகளும் நீக்கப்படும் என 2019 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. 2020 தொடக்கம் வரை பயனர்களுக்கு அவற்றைப் பெற அவகாசம் தரப்பட்டது. 2020 திசம்பர் 15 அன்று அச்சேவையே மூடப்பட்டது. யாரும் படியெடுத்து வைக்காத குழுக்களின் மடல்கள், பழைய உறுப்பினர்களின் அஞ்சல் பெட்டிகளில் எஞ்சியவை போக, மறைந்தன.

அவ்வாறு எஞ்சியவற்றைத் தொகுத்து வெளியிட விரும்புவோர், மடலின் பதிப்புரிமை அதை எழுதியவருக்கே உரியது என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். குழுவுக்கு எழுதியதனால் அது பொதுவுடைமை ஆகிவிடுவதில்லை. எழுதியவரின் இசைவைப் பெறுவதும், அவர் மறைந்திருப்பின் குடும்பத்தினரைக் கேட்பதும், எவரையும் அணுக முடியாதபோது முழு மடலைத் தராமல் செய்தியை மட்டும் சொந்த நடையில் எழுதிக் குழுவின் பெயரையும் ஆண்டையும் குறிப்பிடுவதும் இத்தகைய தொகுப்பாளர்கள் கைக்கொள்ளத்தக்க முறைகளாகும்.